மாற்றத்துக்கும் ஓர் அட்டை

எங்கள் சிறப்பு வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையனுக்காகச் சுவரில் பட அட்டவணை வைத்திருந்தோம். பை வைப்பது, எழுத்து, சாப்பாடு, விளையாட்டு, வேன் என்று மேலிருந்து கீழே வெல்க்ரோவில் ஒட்டிய ஐந்து படங்கள். ஒரு வேலை முடிந்ததும் அவனே படத்தைப் பிய்த்து 'முடிந்தது' டப்பாவில் போடுவான்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஒரு நாள் மழையில் மைதானம் முழுக்கத் தண்ணீர். "இன்னைக்கு வெளியே போக முடியாது கண்ணா" என்று வாயால் சொன்னோம், சுவரில் இருந்த விளையாட்டுப் படத்தை எடுக்க மறந்துவிட்டோம். அவன் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு கதவருகே அரை மணி நேரம் அழுதான். பார்த்தவர்கள் அடம் என்றார்கள். அது அடம் இல்லை. சுவரில் நாங்கள் கொடுத்த வாக்கை நாங்களே மீறியிருந்தோம். சொல் காற்றோடு போய்விடும், படம் அங்கேயே இருக்கும். அவன் படத்தைத்தான் நம்பினான்.

அதற்குப் பிறகுதான் 'மாற்றம்' என்ற மஞ்சள் அட்டையைச் செய்தோம். அதை முதலில் மழை நாளில் காட்டக் கூடாது. ஒரு சாதாரண நாளில் எழுத்துப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் அட்டையோடு சோப்புக் குமிழிப் படத்தை வைத்தோம். இப்படிச் சில நாள் சந்தோஷமான மாற்றங்கள். அப்புறம் பெரிதாகப் பிடிக்கவும் செய்யாத, வெறுக்கவும் செய்யாத மாற்றங்கள். கடைசியாகத்தான் ஏமாற்றம் தருபவை. எது போனது என்பதோடு, பதிலாக எது வருகிறது என்பதையும் அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே கொடுங்கள்: சாப்பாட்டுக்கு ஸ்பூன், விளையாட்டுக்குப் பந்து. "சேட்டை பண்ணினா அட்டையை எடுத்துடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். அட்டவணை பரிசு இல்லை, அவன் நாளைப் புரிந்துகொள்ளும் வழி. நன்றாகப் பழகிவிட்டான் என்று கழற்றவும் வேண்டாம். நமக்கும் காலண்டர் வேண்டியிருக்கிறதே.

வீட்டில் தொடங்க இரண்டு படம் போதும்: 'முதலில்' குளியல், 'அப்புறம்' ஊஞ்சல். சரி, டிவியை வைக்கலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? முதல் சில வாரம் 'அப்புறம்' பக்கத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒன்றையே வையுங்கள்.