போனை வீட்டுல வெச்சுட்டு குளத்தங்கரைக்குப் போங்க

கோயம்புத்தூர்ல கவுன்சிலிங் பண்றேங்க. தூக்கம் வரல, மனசு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு வர்றவங்ககிட்ட வேலை, சாப்பாடு, வீட்டு நிலைமை எல்லாம் விசாரிச்சுட்டு, வாரத்துல எவ்வளவு நேரம் மரம், தண்ணி இருக்கிற எடத்துல இருக்கீங்கன்னும் கேப்பேன். நெறைய பேர் யோசிச்சுப் பாத்துட்டு இல்லீங்களேன்னுதான் சொல்வாங்க.

ஒரு அம்மா (ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரம் மாத்திருக்கேன்) ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்குவாங்க, முழிச்சா பழைய சொத்துத் தகராறுல யாரு என்ன பேசுனாங்கன்னு ஒண்ணு விடாம மனசுல ஓடும், விடியற வரைக்கும் அதேதான். பக்கத்துலயே சிங்காநல்லூர் குளம், காலைல போயிட்டு வாங்கம்மான்னேன். ரெண்டு வாரம் போயும் ஒண்ணும் மாறல. கேட்டா, நடக்கிற நேரம் பூரா அக்காகிட்ட போன்ல அதே சொத்து விஷயத்தப் பேசிட்டே நடந்திருக்காங்க. சரி, போனை வீட்டுல வெச்சுட்டுப் போங்க, நடக்கக்கூட வேண்டாம், கரையில பனைமரத்துப் பக்கம் சும்மா உக்காருங்கன்னு சொல்லி அனுப்புனேன்.

அடுத்த தடவை வந்து சொன்னாங்க: "சார், ஒரு நீர்க்காகம் முங்கி எந்திரிச்சு வந்து ரெண்டு ரெக்கையயும் விரிச்சு வெயில்ல காய வெச்சுட்டே நின்னுச்சு. அதையே பாத்துட்டு இருந்தேன். அந்த நேரம் நான் வேற எதையும் நெனைக்கலன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

நம்ம கவனம் ரெண்டு விதமா வேலை செய்யுதுன்னு அமெரிக்காவுல உளவியல் ஆய்வு பண்ண கப்லன் தம்பதி விளக்குனாங்க. கம்ப்யூட்டர், டிராஃபிக், கணக்கு வழக்கு இதுக்கெல்லாம் கவனத்தை நாமளே புடிச்சு நிறுத்தணும், அதுல மூளை களைச்சுப் போகும். பறவை, அலை, இலை அசையறது இதெல்லாம் கவனத்தை மெதுவா தானே இழுத்துக்கும், களைச்சுப் போன பகுதிக்கு அப்பதான் ஓய்வு. 2015ல ஸ்டான்ஃபோர்ட்ல 38 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதிப் பேர் மரம் புல்வெளி இருக்கிற எடத்துல 90 நிமிஷம் நடந்தாங்க, மீதிப் பேர் வண்டி ஓடுற ரோட்டோரமா. முதல் குழுவுக்குத்தான் ஒரே நெனப்பு திரும்பத் திரும்ப சுத்துறது குறைஞ்சுது, அதோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியும் அடங்கியிருந்துச்சு. அந்த அம்மாவோட ரெண்டு மணி முழிப்பும் இதே விஷயந்தாங்க.

எவ்வளவு நேரம் போகணும்? 2019ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட கேட்டதுல, வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையான எடத்துல இருந்தவங்க நல்லா இருக்கோம்னு சொல்றது அதிகமா இருந்துச்சு. ஒரே நாள்ல போனாலும் பிரிச்சுப் பிரிச்சுப் போனாலும் வித்தியாசமில்ல. இதனாலதான் நல்லா இருக்காங்கன்னு அந்த ஆய்வ வெச்சு முடிவா சொல்ல முடியாது, ஆனா தினம் இருபது நிமிஷத்துல நஷ்டம் ஒண்ணுமில்லையே. ஊட்டி, வால்பாறைன்னு வருஷத்துக்கு ஒரு தடவை போறத விட வீட்டுப் பக்கத்துல இருக்கிற குளம்தான் மேல்னு நான் நெனைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், குளத்துக்குப் போறேன்னு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. சாகலாம்னு தோணுச்சுன்னா உடனே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

சிங்காநல்லூர் குளத்தை 2017ல நகர்ப்புற பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சாங்க. மத்த குளங்களையும் அப்படியே காப்பாத்தணும், கரை பூரா கான்கிரீட் போட்டு கலர் லைட் வெச்சா கூட்டம் வரும், நீர்க்காகம் வராது. சுத்தமான கழிப்பறை ஒண்ணு கிட்டத்துல இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காருவோம்னு என்கிட்ட வர்ற பொம்பளைங்க திரும்பத் திரும்ப சொல்றாங்க, முதல்ல அதைக் கட்டுங்க.

அந்த அம்மா இப்ப வாரத்துல நாலு நாள் போறாங்க. டாக்டர் பாத்து தூக்க மாத்திரைய பாதியா குறைச்சிருக்கார். ரெண்டு மணி முழிப்பு இன்னும் சில ராத்திரி வரத்தான் செய்யுது.