சுஷி என்றால் பச்சை மீனா?

காட்பாடியில் படிக்கும் அண்ணன் மகள் சென்னையில் ஒரு புதுமாதிரி ஜப்பானிய உணவகத்துக்குப் போய்வந்தாள். "சித்தப்பா, நான் சைவம்னு சொன்னதும் மாம்பழம் வெச்சு சுருட்டிக் கொடுத்தாங்க. மீனே இல்லாம அது எப்படி சுஷி ஆகும்?" என்று கேட்டாள்.

ஆகும். சுஷி என்ற சொல்லில் மீனே இல்லை. 'புளிப்பான' என்று பொருள்படும் பழைய ஜப்பானியப் பெயரடை அது. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். புளித்த பின் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். ஜப்பானின் பீவா ஏரிக்கரையில் இன்றும் அந்த வகை உண்டு. பிற்காலத்தில் காத்திருக்கப் பொறுமையில்லாமல், சோற்றிலேயே அரிசி வினிகரைக் கலந்தார்கள். எறிந்த சோறே உணவின் உயிர் ஆனது. அதன்மேல் மீன், முட்டை, வெள்ளரி எது வைத்தாலும் சுஷிதான். சோறில்லாமல் தனியாக அரிந்து வைக்கும் பச்சை மீனுக்குப் பெயர் சஷிமி.

அதனால் சுஷிக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது 'பச்சைமீன் உருண்டை' என்று எழுதுவது தப்பு. புளிச்சோறு என்றால் புளியோதரை நினைவுக்கு வரும். 'சுசி' என்று கிரந்தம் நீக்கி எழுதினால் அது தூய்மை என்ற வேறு சொல்லாகிவிடும். எனக்குப் பிடித்தது காடிச்சோறு. புளித்த கஞ்சிக்கும் வினிகருக்கும் தமிழில் காடி என்றே பெயர். அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் நீர், அது கலந்த சோறு: இரண்டும் இந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எங்கள் பக்கம் காடி என்றதும் மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த் தொட்டி ஞாபகம் வருமே என்பார்கள். வரட்டும். ஆடி மாதம் அம்மனுக்குப் புளித்த கூழ் ஊற்றும் வேலூர்க்காரர்களுக்குப் புளிப்பு ஒன்றும் இழிவில்லை.

வகைப் பெயர்களும் தானாக அமைகின்றன. நிகிரி என்றால் கையால் அழுத்திப் பிடிப்பது. நாம் பிடிகொழுக்கட்டை பிடிக்கிறோமே, அதே பிடிதான். ஆக, பிடிகாடிச்சோறு. மகி என்பது சுருட்டுவது, ஆகவே சுருள் காடிச்சோறு. அண்ணன் மகள் சாப்பிட்டது இதுதான்.

அப்புறம் வீட்டில் முயன்று பார்த்தோம். ஆரணிப் பொன்னி அரிசி உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. பிடி நிற்கவே இல்லை. ஜப்பானியக் குட்டை அரிசியின் பசை அதில் கிடையாது. சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து விசிறி ஆறவைத்ததும் ஓரளவு நின்றது. மேலே இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து வைத்தோம். ஜப்பானியரும் கத்திரிக்காய் வைப்பதுண்டு. அண்ணன் மகள் ஆறு பிடி தின்றாள்.