நூற்றுக்கு 54 வாங்கினால் போதும்

வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பேச்சு வந்தது. 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் 1,251 வெற்றி, அதாவது நூற்றுக்கு 82. "அப்ப பத்துப் பாயிண்ட்டுல எட்டு அவருக்குத்தானுங்க?" என்றார் லோடு ஏற்ற வந்திருந்த வேன் ஓட்டுநர்.

இல்லை. நூற்றுக்கு 54 பாயிண்ட்தான். 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரரே சொன்ன கணக்கு இது.

54 எப்படி 82 ஆகிறது? பாயிண்ட் சேர்ந்து கேம், கேம் சேர்ந்து செட், செட் சேர்ந்து ஆட்டம். இதில் டியூஸை, அதாவது கேமில் இருவரும் 40-40 என்று சமமாக நிற்கும் இடத்தை, மட்டும் எடுத்துப் பார்ப்போம். அங்கிருந்து கேமை முடிக்க இரண்டு பாயிண்ட் தொடர்ந்து வேண்டும். அவர் இரண்டையும் எடுக்க 0.54 × 0.54, அதாவது 29 சதவீத வாய்ப்பு. எதிராளிக்கு 0.46 × 0.46, வெறும் 21. ஆளுக்கொன்று எடுத்தால் திரும்பவும் டியூஸ், பழைய கதைதான். ஆக 29-க்கு 21 என்று போட்டி. டியூஸில் ஜெயிப்பது 58 சதவீதம். சரிபாதியான 50-க்கு மேல் இருந்த நாலு, பாயிண்ட்டை மூட்டை கட்டியதும் எட்டாகிவிட்டது. இதே முறையில் முழு கேமுக்குப் போட்டால் 60, செட்டுக்குச் சுமார் 76, மூன்று செட் ஆட்டத்துக்கு 86 வருகிறது. நிஜத்தில் எதிராளி தினமும் ஒரே ஆளில்லை, சர்வ் போடும்போது இருக்கும் கை வாங்கும்போது இருக்காது. அதனால் 82.

இந்த மூட்டைக் கணக்கு காலையும் வாரிவிடும். 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. கேம்களிலும் 36-க்கு 32. கோப்பை மட்டும் ஜோகோவிச்சுக்கு!

"நம்ம பஞ்சாயத்து எலெக்‌ஷன் மாதிரி. ஓட்டு அதிகம், வார்டு கம்மி" என்றார் ஓட்டுநர். அதேதான். இரண்டாவது செட்டை ஃபெடரர் 6-1 என்று வாரிக்கொண்டார். அது எத்தனை பெரிய வெற்றியானாலும் ஒரே ஒரு செட். ஐந்தில் ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டும் டைபிரேக்கில், அதாவது கேம்கள் சமமானால் ஆடும் முடிவுச் சுற்றில், நூலிழையில் வந்தவை.

கடைசி செட்டில் கேம் 8-7, பாயிண்ட் 40-15, இரண்டிலும் ஃபெடரர் முன்னிலை. சர்வ் ஃபெடரர் கையில். ஒரே ஒரு பாயிண்ட் போதும், வாய்ப்போ இரண்டு. இரண்டும் போயின.