பல்லுயிர்ப் பெருக்கமா? எது பெருகியது?

மே 22 நெருங்கினாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். 'உலகப் பல்லுயிர்ப் பெருக்க தினம்' என்று பேனர் கட்டுவார்கள். உயிர்களின் வகைவகையான வேறுபாட்டைக் குறிக்கும் 'பயோடைவர்சிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த தமிழ் அது. ஒரு கூட்டத்தில் பேச்சாளர், "உயிர்கள் பெருக வேண்டும், அதுதான் பல்லுயிர்ப் பெருக்கம்" என்று விளக்கிவிட்டு மரக்கன்று நடப் போனார். நூறு கன்று. நூறும் புங்கன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறது?

மூலச்சொல்லுக்கு வயது அதிகமில்லை. 'பயலாஜிக்கல் டைவர்சிட்டி' என்று இருந்ததை, 1986இல் வாஷிங்டனில் நடந்த கருத்தரங்குக்காக அதன் ஏற்பாட்டாளர் வால்டர் ரோசன் 'பயோடைவர்சிட்டி' என்று சுருக்கினார். அங்கே படித்த கட்டுரைகளை அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தொகுத்து 1988இல் நூலாக்கியதும் சொல் பரவிவிட்டது. 1992இல் பிரேசிலின் ரியோ நகரில் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இதற்கு மூன்று அடுக்கில் பொருள் சொல்கிறது: ஓர் இனத்துக்குள்ளே உள்ள வேறுபாடு, இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு, வாழிடத்துக்கு வாழிடம் உள்ள வேறுபாடு. மூன்றும் வேறுபாடுதான். எத்தனை தலை என்ற கணக்கே இல்லை.

தமிழில் பெருக்கம் என்றால் என்ன? வெள்ளப்பெருக்கு, மக்கள்தொகைப் பெருக்கம், இனப்பெருக்கம். இருப்பது அதிகமாவது. "பெருக்கத்துக்குச் செழிப்பு என்றும் பொருள் உண்டே, வள்ளுவரே 'பெருக்கத்து வேண்டும் பணிதல்' என்கிறாரே" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். குறளின் மீதியையும் படிக்கச் சொன்னேன்: 'சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு'. பெருக்கத்துக்கு எதிர் அங்கும் சுருக்கம்தான். கூடுவதும் குறைவதுமே பேச்சு. வகை எங்கே வந்தது?

பிணம் தின்னும் பறவைகளான பாறுகளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலிமருந்தாகக் கொடுத்த டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006இல்தான். பாறு இல்லாத இடத்தில் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அச்சமும் கூடவே. பெருக்கம் நடந்ததா இல்லையா? உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் பெருகாத பெருக்கமா? அவை பெருகப் பெருகத்தான் மற்றவை ஒழிகின்றன. போதாதென்று, 'பல்லுயிர்ப் பெருக்க இழப்பு' என்றும் எழுதுகிறார்கள். கூடுவதை இழப்பதாம்.

சரி, மாற்றுச்சொல் எது? 'உயிரினப் பன்மை' என்பவர்கள் உண்டு. நாய் ஒருமை, நாய்கள் பன்மை. மறுபடி எண்ணிக்கையிலேயே வந்து நிற்கிறோம். தவிர, 'உயிரினம்' என்றதும் ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு கழன்றுவிடும். அதை விடவே முடியாது. 1970களில் ஆசிய வயல்களில் நெற்பயிரைக் குட்டையாக்கும் நச்சுயிரி பரவியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000க்கும் மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்தார்கள். தாங்கி நின்றது உத்தரப் பிரதேசத்துக் காட்டுநெல் மாதிரி ஒன்றுதான். அதே காட்டுநெல்லின் மற்ற மாதிரிகள் தாங்கவில்லை! அந்த ஒன்றை வைத்துத்தான் ஐஆர் 36 என்ற நெல்ரகம் வந்தது.

'பல்லுயிரியம்' என்றும் எழுதுகிறார்கள். பெண்ணியம், மார்க்சியம் வரிசையில் ஏதோ கொள்கைபோல ஒலிக்கிறது. வெறும் 'பல்லுயிர்' பரவாயில்லை. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அறிவித்தார்கள், கூட்டுச்சொல்லில் பொருந்துகிறது. தனியே நின்றால் பல உயிர்கள் என்றுதான் பொருள். உடனே 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்று குறளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது பசித்த உயிர்களுக்குச் சோறு போடச் சொல்லும் குறள்.

இலங்கைப் பாடநூல்களில் பிள்ளைகள் 'உயிர்ப்பல்வகைமை' என்று படிக்கிறார்கள். என் ஓட்டு அதற்கே. உயிர் இருக்கிறது, வகை இருக்கிறது, பல இருக்கிறது. மூன்று அடுக்கும் அடங்கும். வாயில் நுழையாது என்பவர்களுக்காக எண்ணியும் பார்த்தேன். உயிர்ப்பல்வகைமை 9 எழுத்து. பல்லுயிர்ப்பெருக்கம் 11.

பாறு என்று சொன்னேனே, அதையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவைக்கவில்லை. சங்கப் பாட்டிலேயே இரண்டெழுத்தில் பெயர் இருக்கிறது. செய்தியில் 'பிணந்தின்னிக் கழுகு' என்கிறார்கள். அது கழுகே இல்லை.