கேட்டகிசம் என்றால் ‘வினாவிடை’யா?

“பெற்றோரே தங்கள் பிள்ளைகளுக்கு முதல் வினாவிடையாளர்கள்.”

கத்தோலிக்க செவ்வியல் கல்வியை (பழைய ஐரோப்பியப் பாடமுறையைப் பின்பற்றும் பள்ளிக் கல்வியை) பற்றிய ஒரு கட்டுரையின் தமிழாக்கத்தை மெய்ப்பு பார்க்கக் கொடுத்தார்கள். அதில் இருந்த வரி இது. அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் குவிஸ் நடத்துகிறார்களோ என்று ஒரு நிமிடம் குழம்பிப் போனேன். அப்புறம்தான் புரிந்தது, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பிப்பவரைக் குறிக்கும் ‘கேட்டகிஸ்ட்’ என்ற சொல் படாதபாடு பட்டு இப்படி வந்து நிற்கிறது. வினாவிடைக் கல்வி, வினாவிடை வகுப்பு என்று வேறு இடங்களிலும் பார்த்ததுதான். ‘வினாவிடையாளர்’ வரை போனதும் பொறுமை போய்விட்டது.

சொல்லின் வேர் எளிது. கிரேக்கத்தில் ‘கட்டா’ என்றால் கீழ்நோக்கி, ‘ஏகேயின்’ என்றால் ஒலித்தல். எதிரொலியைக் குறிக்கும் ‘எக்கோ’வும் இதே குடும்பம்தான். இரண்டும் சேர்ந்தால் காதில் விழும்படி ஒலிக்கச் செய்தல், அதாவது வாய்மொழியாகக் கற்பித்தல். லூக்கா நற்செய்தி 1:4-இல் இந்த வினைச்சொல்தான் வருகிறது. பழைய தமிழ் விவிலியம் அதை ‘உபதேசிக்கப்பட்ட’ என்று பெயர்த்தது. கற்பிக்கும் செயல் கேட்டகேசிஸ், அதற்கான நூல் கேட்டகிசம், கற்பிப்பவர் கேட்டகிஸ்ட். (‘கேட்ட’ என்று தமிழ்போல ஒலிப்பது தற்செயல். இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம்.)

சரி, இதில் வினா எங்கே இருக்கிறது? விடை எங்கே இருக்கிறது?

16-ஆம் நூற்றாண்டில் அச்சான சிறு நூல்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். புரோட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய கேட்டகிசமும், கத்தோலிக்கர் பக்கம் பீட்டர் கனிசியுஸ் 1555-இல் வெளியிட்டதும் கேள்வி-பதிலாக அமைந்தவை. 1885-இல் அமெரிக்காவில் வந்த பால்டிமோர் கேட்டகிசமும் அப்படியே. ஆனால் திரெந்து பொதுச்சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர் பேரவைக்குப் பிறகு 1566-இல் பங்குக் குருக்களுக்காக வெளிவந்த உரோமைக் கேட்டகிசம் முழுக்க உரைநடை. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் கேட்டகிசத்தில் 2865 எண்ணிட்ட பத்திகள் உண்டு. அதுவும் கேள்வி-பதில் நூல் அல்ல. 2005-இல் அதன் சுருக்கம்தான் 598 கேள்வி-பதில்களாக வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர் கணக்குப்படி அதற்கு என்ன பெயர்? ‘வினாவிடையின் வினாவிடைச் சுருக்கம்’!

அந்தக் கேள்வி-பதில்களையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பால்டிமோரின் முதல் கேள்வி: ‘உலகைப் படைத்தவர் யார்?’ பதில், ‘கடவுள்’ என்ற ஒற்றைச் சொல் அல்ல. ‘கடவுள் உலகைப் படைத்தார்.’ கேள்வியில் இருந்த சொற்களையே பிள்ளை திருப்பி ஒலிக்கிறது. வடிவம் என்னவோ வினாவிடைதான், நடப்பது எதிரொலி.

அச்சுக்கு முந்தைய காலத்துக்குப் போனால் இன்னும் தெளிவு. 4-ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களிடம் நம்பிக்கை அறிக்கையைத் தாளில் எழுதாதீர்கள், நெஞ்சில் எழுதுங்கள் என்றார். அதை அவர்கள் காதால் வாங்கி, மனத்தில் இருத்தி, பிறகு வாயால் ஒப்புவிக்க வேண்டும். 400 வாக்கில் புனித அகுஸ்தீன், தியோகிராத்தியாஸ் என்ற திருத்தொண்டருக்கு (டீக்கனுக்கு) எழுதிய கையேட்டிலும் மீட்பு வரலாற்றைக் கதையாகச் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறார். கேட்பவர் கொட்டாவி விட்டால் கலகலப்பாக எதையாவது சொல், உட்கார இருக்கை கொடு என்கிறார். அவருக்குக் கேட்பவரின் காதுதான் கவலை.

செவ்வியல் கல்வியாளர்கள் இந்தச் சொல்லை விரும்புவதும் இதனால்தான். அவர்களுடைய முப்பாடங்களில் முதலாவது ‘கிராமர்’. அதையும் ‘இலக்கண நிலை’ என்று அப்படியே போட்டுவிட்டார் நம்மவர். படிப்பவர் வேற்றுமை உருபைத் தேடப் போவார். அவர்கள் சொல்வது எந்தத் துறைக்கும் உரிய அடிப்படைகளை மனத்தில் ஏற்றும் பருவம். விசுவாசத்தில் அவை நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள், கட்டளைகள், இறைவேண்டல். ‘ஏன்?’ என்று வாதிடும் தருக்கமும், அழகாக எடுத்துச் சொல்லும் நாவன்மையும் பின்னால் வரும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘ஞானோபதேசம்’ பழைய, மரியாதையான சொல். கற்பிப்பவர் ‘உபதேசியார்’. ஆனால் ‘எனக்கு உபதேசம் பண்ணாதே’ என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லை நாம் தேய்த்துவிட்டோம். ‘மதபோதனை’ என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. ‘மறைக்கல்வி’ இன்று வழக்கில் நிலைத்துவிட்டது. ‘மறை என்றால் ஒளித்தல் ஆயிற்றே’ என்பார் சிலர். நான்மறை என்று சொல்லும்போது யாரும் எதையும் ஒளிக்கவில்லையே!

உண்மையில் எனக்குப் பிடித்த சொல் ‘கேள்வி’. காதால் கேட்டுப் பெறும் அறிவு என்ற பொருளில் குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு, 42-ஆவது. கேட்டகேசிசுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று கேள்வி என்றால் வினா. அதைப் போட்டால் சுற்றிச் சுற்றி அதே வினாவிடையில்தான் வந்து நிற்போம்.

ஆகவே ‘முதல் மறைக்கல்வி ஆசிரியர்கள்’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சில் வந்தது: ‘முதல் மறைக்கல்வி (வினாவிடை) ஆசிரியர்கள்.’