சினிசிசம்: தேறாமை என்னும் தமிழ்

அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் பற்றிய செய்திகளை ஒட்டி நம்மவர் பேசும்போதும் எழுதும்போதும் ‘சினிக்’, ‘சினிக்கல்’, ‘சினிசிசம்’ என்னும் சொற்கள் அடிக்கடி வந்து விழுகின்றன. இவற்றுக்குத் தமிழில் அவநம்பிக்கை, ஏளனம், விரக்தி, எதிர்மறைப் பார்வை என ஆளுக்கொன்றாக எழுதிவருகிறோம். அவற்றுள் எதுவும் சொல்லின் உட்பொருளைத் தொடவில்லை என்பது என் கருத்து. தொடவில்லை என்பதால் வரும் கேடும் சிறிதன்று. கேள்வி கேட்பவரையும், கேள்வி கேட்காமலே எல்லாவற்றையும் தள்ளிவிடுபவரையும் ஒரே பெயரால் அழைக்கும் நிலை அதனால்தான் உண்டாகியிருக்கிறது.

இச்சொல்லின் இன்றைய பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். தன்னலத்தைத் தவிர வேறு எதற்காகவும் மனிதர் எவரும் செயல்படுவதில்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு, அந்த முடிவைக் கொண்டே எல்லாச் செய்திகளையும் அளக்கும் நோக்குதான் சினிசிசம். புதிய தடுப்பூசி வந்தால் அது மருந்துக் கம்பெனியின் வியாபாரம். காலநிலை மாற்றம் என்றால் அது நிதி வாங்க ஒரு வழி. செயற்கை நுண்ணறிவு என்றால் அது பங்குச்சந்தைக்காக ஊதப்பட்ட பலூன். இந்த விடைகளுள் ஒன்றிரண்டு சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கக்கூடும். விடை தவறா சரியா என்பதைக் கொண்டு இந்நோக்கை அடையாளம் காண முடியாது. கேள்வி எழும் முன்பே விடை ஆயத்தமாக இருப்பதே இதன் அடையாளம்.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. ‘கியோன்’ என்றால் அம்மொழியில் நாய். ‘கினிகோஸ்’ என்றால் நாய்க்குரியது, நாய் போன்றது. அதுவே லத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்து சினிக் ஆயிற்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்சில் வேர்விட்ட ஒரு மெய்யியல் நெறிக்கு இப்பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. சாக்ரட்டீசின் மாணவரான ஆந்திஸ்தனீஸ், ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே இருந்த கினோசார்கெஸ் என்ற பயிற்சிக்கூடத்தில் கற்பித்தார் என்றும், அவ்விடத்தின் பெயரிலேயே நாய் இருந்ததால் அவர் வழிவந்தவர்களுக்கும் அப்பெயர் ஒட்டியது என்றும் சொல்வது ஒன்று. வீடு, மானம், வழக்கம் எதையும் பொருட்படுத்தாமல் தெருவிலேயே உண்டு உறங்கிய அவர்களை ஊரார் நாய்கள் என்று இகழ்ந்தார்கள், அவர்கள் அதையே பெயராக ஏற்றுக்கொண்டார்கள் என்பது மற்றொன்று.

அந்நெறியின் புகழ்பெற்ற மனிதர் சினோப்பே நகரத்து டயோஜனீஸ். கருங்கடற்கரையிலிருந்து ஏதென்சுக்கு வந்து, ஒரு பெரிய மண் தாழியையே வீடாக்கிக்கொண்டவர். பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடியதும், என்ன வேண்டும் என்று கேட்ட அலெக்சாந்தரிடம் வெயிலை மறைக்காமல் விலகி நிற்கச் சொன்னதும் பலரும் அறிந்த கதைகள். தம்மை ஏன் நாய் என்கிறார்கள் என்று கேட்டவரிடம், ‘கொடுப்பவரிடம் வாலாட்டுகிறேன், கொடாதவரைப் பார்த்துக் குரைக்கிறேன், கயவரைக் கடிக்கிறேன்’ என்று அவர் விடையளித்ததாகவும் பழைய வரலாறு கூறுகிறது. இந்தப் பதிலில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கயவரைக் கடிக்க வேண்டுமானால், கயவர் யார், நல்லவர் யார் என்று பிரித்தறிந்தாக வேண்டும். அறம் என ஒன்று உண்டென்றும், அதன்படி எளிமையாக வாழ மனிதனால் முடியுமென்றும் உறுதியாக நம்பியதனால்தான் பழைய சினிக்கர் ஊராரின் பாசாங்கைக் கண்டு குரைத்தார்கள்.

இன்றைய சினிக்கோ அறம் என ஒன்று எவரிடமும் இல்லை என்கிறார். நம்பிக்கையால் குரைத்தவர்களின் பெயர், நம்பிக்கையே இல்லாதவர்களின் பெயராகத் தலைகீழாகிவிட்டது. ஆங்கிலத்தில் மெய்யியலாரைக் குறித்த இச்சொல் குற்றம் காண்பவரைக் குறிப்பதாகச் சுருங்கி, பிறகு மனிதரின் நல்லெண்ணத்தையே மறுப்பவரைக் குறிப்பதாக மாறியது. ஜெர்மன் மொழியார் பழைய நெறிக்கு ஒரு சொல்லும் இன்றைய மனப்போக்குக்கு வேறொரு சொல்லும் வைத்து இரண்டையும் எழுத்திலேயே பிரித்துவிட்டார்கள். தமிழிலும் அப்படிப் பிரிப்பதே முறை. பழைய நெறியின் பெயரைச் சிறப்புப்பெயராகக் கொண்டு ‘சினிக் நெறி’, ‘சினிக்கர்’ என்று எழுதலாம். இன்றைய மனப்போக்குக்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும்.

புழக்கத்தில் உள்ளவற்றைப் பார்ப்போம். அவநம்பிக்கை என்பது ஒருவர் மீதோ ஒன்றின் மீதோ நம்பிக்கை இழந்திருப்பதை மட்டும் சொல்கிறது. மழை வருமா என்பதிலும் அவநம்பிக்கை இருக்கலாம். விரக்தி என்பது சோர்வு. சினிக் பெரும்பாலும் சோர்ந்திருப்பதில்லை, மிகுந்த ஊக்கத்தோடு பேசுகிறார். ஏளனம் என்பது வெளியே தெரியும் தொனி. ஐயவாதம் என்று எழுதுவது எல்லாவற்றினும் பெரிய தவறு, ஏனெனில் ஐயம் என்பது விடையைத் தேடித் திறந்து நிற்கும் நிலை. அறிவியல் அதனால்தான் நடக்கிறது.

கொங்கு நாட்டில் இருப்பவர்கள் இவ்விடத்தில் வேறொரு சொல்லை நினைப்பார்கள். ‘கோயமுத்தூர்க் குசும்பு’ தமிழகம் முழுக்கப் பெயர்பெற்றது. ‘லொள்ளு’ என்பதும் கூடவே வரும். லொள்ளு என்பது நாயின் குரைப்பொலியிலிருந்து வந்ததென்று கொண்டால், கிரேக்கரும் கொங்கரும் ஒரே விலங்கிடமிருந்து சொல் எடுத்திருக்கிறார்கள். பழைய சினிக்கரின் பேச்சுமுறைக்குக் குசும்பு என்ற பெயர் நன்றாகவே பொருந்தும். அலெக்சாந்தரை விலகி நிற்கச் சொன்னது முதல்தரமான குசும்பு. ஆனால் இன்றைய சினிசிசத்துக்கு அது பொருந்தாது. குசும்பில் உறவு இருக்கிறது; ‘ஏனுங்க, இந்த மிஷினு நம்ம தோட்டத்துக்கு வந்து களையும் புடுங்குமுங்களா?’ என்று கேட்பவர், மரியாதை குறையாமல் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்தும் இருக்கிறார். சினிக் காத்திருப்பதில்லை.

பொருத்தமான சொல் திருக்குறளிலேயே இருக்கிறது. தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் 509-ஆம் குறள் இது:

தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள்.

இங்கே இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தேர்தல் என்றால் ஆராய்தல். தேறுதல் என்றால் ஆராய்ந்து நம்புதல். ஆராயாமல் யாரையும் நம்பாதே. ஆராய்ந்த பிறகு, எந்தப் பொருளில் அவர் நம்பத்தக்கவரோ அந்தப் பொருளில் நம்பு. ‘தேறும் பொருள்’ என்ற வரையறை மிக நுட்பமானது: நம்பிக்கை ஆளுக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஆராய்ந்து தெரிந்த அளவுக்கே தரப்படுகிறது. அடுத்த குறள், ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்கிறது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து தெளிந்தவனிடத்தில் மீண்டும் ஐயப்படுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். ஏமாளித்தனத்தையும் சினிசிசத்தையும் இவ்வளவு சுருக்கமாக அருகருகே நிறுத்திய வேறொரு கூற்றை நான் கண்டதில்லை.

தேறு என்னும் வினை சங்க இலக்கியத்திலும் இப்பொருளில் வருகிறது. குறுந்தொகை 21-ஆம் பாட்டில், கொன்றை பூத்த காடு கார்காலம் வந்துவிட்டது என்று கூறினாலும் ‘யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே’ என்கிறாள் தலைவி. அவளுடைய நம்ப மறுப்பு ஒருவர் மீது கொண்ட நம்பிக்கையிலிருந்து எழுகிறது என்பதைச் சொல்லாராய்ச்சிக்கு அப்பாலும் நினைத்து மகிழலாம்.

ஆகவே சினிசிசத்துக்கு ‘தேறாமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இது பழஞ்சொல் மட்டுமன்று. ‘இதெல்லாம் தேறாதுங்க’ என்பது கோவையிலும் ஈரோட்டிலும் நாள்தோறும் கேட்கும் பேச்சு. அங்கே தேறுதல் என்பதற்கு உருப்படுதல், நிலைபெறுதல் என்று பொருள் விரிந்திருக்கிறது. நம்பாமையும், எதுவும் உருப்படாது என்னும் தீர்ப்பும் ஒரே சொல்லில் கூடி நிற்பதால் சினிக்கின் மனநிலை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

இந்தத் தேறாமை காரணமின்றி வந்ததென்று சொல்ல மாட்டேன். 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்ற அறிவிப்பு நாளிதழ்களை நிறைத்தது. அறிவியல் சோதனையில் அது நிற்கவில்லை. 2012 அளவில் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவியிருந்த ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, பணம் போட்ட ஏராளமான குடும்பங்கள் ஏமாந்தன. இரண்டும் தேராது தேறியதன் விளைவுகள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பதுபோல, ஆராயாமல் நம்பிக் கெட்டவர்கள் அடுத்த முறை ஆராயவும் மறுக்கிறார்கள். பழக்கம் என்னவோ ஒன்றுதான். இரண்டு முறையும் குறள் சொல்லும் தேர்தல், அதாவது ஆராய்தல், நடக்கவில்லை.

அத்தகைய தேர்தல் நடந்த இடத்துக்கு நொய்யல் ஆற்றைச் சொல்வேன். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர வளர, சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணற்று நீர் உப்பாகி, நிலம் வெளிறி, பயிர் கருகியது. சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்ற செய்திகள் இடையிடையே வந்துகொண்டிருந்தன. அவற்றை அப்படியே நம்பியிருந்தாலும் ஆறு மீண்டிருக்காது. ‘அதிகாரி, முதலாளி, விஞ்ஞானி எல்லாம் ஒண்ணுதானுங்க’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தாலும் மீண்டிருக்காது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் செய்தது வேறு. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், வெளியேற்றும் கழிவுநீருக்கு வரம்பு 2,100 மில்லிகிராம் என்ற கணக்கைக் கையிலெடுத்து நீதிமன்றம் சென்றார்கள். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2009-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஏற்றன. கழிவே வெளியேறாத முறையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றின் துன்பம் அத்தோடு முடிந்துவிடவில்லை. மூடப்பட்டதால் தொழிலாளர் பட்ட பாடும் பெரிது. ஆயினும் இவ்வளவும் நடந்தது அளவீட்டை நம்பியதால்தான். எல்லா ஆய்வறிக்கையும் காசுக்கு எழுதியது என்று தேறாமை கொண்டிருந்தால், தங்களுக்கு ஆதரவான அளவீட்டையும் அவர்களே தூக்கி எறிந்திருப்பார்கள்.

தேறாமை யாருக்குப் பயன்படுகிறது என்பதை இவ்விடத்தில் கேட்டாக வேண்டும். புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டுவிட்ட காலத்தில், 1969-இல் ஓர் அமெரிக்கச் சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு, சந்தேகமே நமது சரக்கு என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. அறிவியல் பொய் என்று மக்களை நம்பவைக்க வேண்டியதில்லை, ‘யாரை நம்புவது, எல்லாரும் அப்படித்தான்’ என்று சொல்லவைத்தால் போதும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். யாரிடமும் ஏமாறாதவன் என்று தன்னைக் கருதிக்கொள்பவன், மிகப் பெரிய ஏமாற்றுக்கு இப்படித்தான் துணைபோகிறான்.

செய்தித்தாள்களுக்கும் இதில் பங்குண்டு. காபியை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. 2016-இல் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து அப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான எந்தப் பானமும் உணவுக்குழலுக்குத் தீங்காகலாம் என்பதையே எச்சரிக்கையாக நிறுத்தியது. ‘அன்னைக்குக் கெட்டதுன்னாங்க, இன்னைக்கு நல்லதுங்கறாங்க’ என்ற செய்தி மட்டும் வாசகரைச் சேர்ந்தால், அவருக்கு மிஞ்சுவது தேறாமை. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் சான்று சேர்ந்தது, பழைய ஆய்வுகளில் காபி குடித்தவர்கள் புகைப்பவர்களாகவும் இருந்தது கணக்கைக் குழப்பியிருக்கக்கூடும் என்பது போன்ற விளக்கமும் கூடவே வந்தால், அவர் தேர்கிறார்.

தேர்தலைத் தேறாமை என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், தோட்டக் கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் கலந்து 1918-இல் வெளியிட்ட ‘கோ 205’ முதல், ‘கோ’ என்னும் ஊர்ப்பெயர் தாங்கிய ரகங்கள் வட இந்தியா வரை பரவின. எந்த உழவரும் அறிவிப்பைப் படித்துவிட்டு மட்டும் புது ரகத்தை நடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நடவுக் கரும்பும் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் அடுத்த ஆண்டுக் கட்டைக் கரும்பும் என்ன எடை காட்டுகின்றன என்று பார்த்த பிறகே நடுவதற்கான கரணை வாங்குகிறார். அந்தக் காத்திருப்பைச் சினிசிசம் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, அது தேர்தல்.

சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. சினிக் என்னும் ஆளைக் குறிக்கத் ‘தேறாதவர்’ என்று எழுதினால், தேர்வில் தோற்றவர் என்றே இன்று படிக்கப்படும். அதனால் ஆளுக்குத் ‘தேறா மனத்தர்’ என்றும், அடைமொழி வேண்டும் இடத்தில் ‘தேறா நோக்கு’, ‘தேறாப் பேச்சு’ என்றும் எழுதலாம். ‘அறிவியல் செய்திகள் மீது இளைஞரிடையே தேறாமை வளர்கிறது’, ‘அமைச்சரின் அறிவிப்பை அவர் தேறா நோக்கில் விமர்சித்தார்’ என்னும் தொடர்கள் தடையின்றி ஓடுகின்றன. சான்று கேட்டு ஒருவர் மறுக்கும்போது இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது. அங்கே ஐயுறவு என்றே எழுத வேண்டும். சான்றைக் காட்டிய பிறகும், காட்டியவரின் உள்நோக்கத்தை மட்டும் பேசி மறுக்கும்போதுதான் தேறாமை என்று எழுத வேண்டும்.