பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களா? சரி, பிறகு?

போன கிழமை இன்னொரு பெண் இரத்தப்போக்கோடு வந்து சேர்ந்தார். திருமணத்துக்கு முன்பே இருவரும் கதைத்து, பிள்ளை பெறுவதில்லை என்று முடிவெடுத்த தம்பதியர். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டில் இருந்த அத்தனையையும் இழந்த குடும்பம். "இந்த வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் இன்னோர் உயிரைக் கொண்டுவந்து விடுவது பாவம், டொக்டர்" என்றார். கருத்தடைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நாள் பார்த்து இருந்தோம்." கரு தங்கக்கூடிய நாட்களை மட்டும் தவிர்த்தார்களாம். நாள் பிழைத்துவிட்டது. கருவைக் கலைக்க யாரோ கொடுத்த மாத்திரைகளை விழுங்கியிருக்கிறார். அவர் நீட்டிய அட்டையில் மருந்தின் பெயர் இருந்த பக்கம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. எதை, எத்தனை விழுங்கினார் என்று தெரியாமலே நாங்கள் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது.

சூழலுக்காகப் பிள்ளை வேண்டாம் என்பவர்கள் வன்னியில் அதிகம் இல்லை. ஆனால் இருக்கிறார்கள். அவர்கள் காரணத்துக்குப் புள்ளி போடுவது என் வேலையன்று. கேட்டால் என் கருத்தைச் சொல்வேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, செல்வந்த நாடுகளில் ஒரு பிள்ளையைக் குறைத்தால் வருடத்துக்கு 58.6 தொன் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் மிச்சம் என்றது. பிள்ளையின் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் விடப்போகும் புகையையும் சேர்த்துப் பெற்றோர் கணக்கில் எழுதியதால் வந்த எண் அது. இலங்கையர் ஒருவரின் பங்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டுதான். மல்லாவியில் பிறக்கும் பிள்ளையால் உலகம் கொதிக்கவில்லை. அதற்காக அவர்கள் பெற்றுத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. உடல் அவர்களுடையது.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். "முதல் பிள்ளை பெறாதவள் கருத்தடை செய்தால் மலடாகிவிடுவாள்." படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், ஆசிரியை சொல்கிறார், வெட்கத்தோடு எழுதுகிறேன், எங்கள் துறையிலும் சிலர் சொல்கிறார்கள். பிள்ளை பெறாத பெண்ணும் கருப்பைக்குள் வைக்கும் லூப் போடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே அதை அனுமதிக்கிறது. செப்பு லூப் 10 வருடம் வரை வேலை செய்யும், வேண்டாம் என்றால் மறுநாளே எடுக்கலாம், எடுத்த பின் கரு தங்கும். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் ஜடெல் குச்சிகள் 5 வருடம். அவற்றை எடுத்தாலும் அப்படித்தான். மாத்திரையை நிறுத்தினாலும் அப்படித்தான். மூன்று மாத ஊசி ஒன்றுதான் சற்று வேறு: நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் பிடிக்கலாம். தாமதம் மலட்டுத்தன்மை ஆகாது. இந்த முறைகளைப் பொறுத்து மாதவிடாய் கூடும், குறையும், தவறும். அதைப் பார்த்து, கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்படாதீர்கள். தேங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இந்தப் பயத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2013இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்களில், சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் பெண்களின் கைகளில் கருத்தடைக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2009இல் இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில், குடும்பக் கட்டுப்பாடு என்றதுமே "எங்கள் சனத்தைக் குறைக்கிறார்கள்" என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆகவே கேள்வி கேளுங்கள். என்ன வைக்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, எப்போது எடுக்கலாம் என்று கேட்டு, பதில் விளங்கிய பிறகு மட்டும் சம்மதியுங்கள். ஆனால் சனத்தின் எண்ணிக்கையைச் சரிசெய்யும் பொறுப்பை ஓர் இளம்பெண்ணின் கருப்பையில் சுமத்தாதீர்கள்.

மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வேண்டாம் என்று இருக்கும் மருமகளை "விசேஷம் ஒன்றும் இல்லையோ" என்று கேட்டுக் கேட்டு, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, கடைசியில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு அழைத்து வருகிறீர்கள். மகன் வாயே திறப்பதில்லை. ஒருமுறை கைப்பையில் கருத்தடை மாத்திரையோடு அந்தச் சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். தம்பிமாரே, முடிவு இருவருடையது என்றால் தாயிடம் சொல்லவேண்டிய வாய் உங்களுடையது.

நாள் பார்ப்பதையும், விந்து வெளியேறுமுன் விலகுவதையும் நம்பியிருக்காதீர்கள். விலகும் முறையை நம்பும் 100 தம்பதியரில் 20 பேர் அளவில் ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. லூப்பில் ஒருவர்கூட இல்லை என்றே சொல்லலாம். பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுங்கள். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. மாதவிடாய் தள்ளிப்போனால் பெயர் தெரியாத மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள். தாயின் உயிரைக் காப்பதற்கு அல்லாமல் கருக்கலைப்புக்கு நம் சட்டத்தில் இடமில்லை, அதனால் களவாக வரும் மருந்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். விழுங்கியே விட்டீர்களா? காய்ச்சலோ கடும் இரத்தப்போக்கோ வந்தால் வீட்டில் ஒளிந்திருக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களைத் திட்ட எங்களுக்கு நேரமில்லை, இரத்தத்தை நிறுத்தவேண்டும்.

இருபதுகளின் தொடக்கத்திலேயே நிரந்தர சத்திரசிகிச்சை கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் எடுக்கக்கூடிய முறை ஒன்றைப் போட்டுச் சில வருடங்கள் இருந்து பாருங்கள். அப்போதும் மனம் மாறாவிட்டால் கணவரையும் அழைத்து வாருங்கள். ஆண்களுக்கான சத்திரசிகிச்சை பெண்களுடையதைவிடச் சின்னது, அதைக் கேட்டு வரும் ஆணைத்தான் காணவே கிடைப்பதில்லை.